வெள்ளை உடுப்பில் ஒட்டுத் துணி

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்கு ஒரு சூம்பின கால் இருந்தது. எங்கள் தெருவில் அது என் கால்.

இப்போது அந்தப் போலியோ நோய் இல்லை. வாயில் இரண்டு சொட்டு விட்டு ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம். என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் என் நடையைப் பார்த்து, "ஆன்ட்டி, கீழ விழுந்துட்டீங்களா?" என்று கேட்கின்றன. ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதுவும் பொய் இல்லை.

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்கு ரோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போக வேண்டும், என்னால் முடியவில்லை. கேளம்பாக்கத்தில் டெலிபோன் பூத் வைத்திருந்தபோது நோட்டில் நம்பர் எழுதின கை இது. ஒரு கோடைக்காலத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது.

என் இடது முட்டி மடங்கியே இருக்கும். நிமிராது. நடக்க வேண்டுமென்றால் இடது கையைத் தொடையில் ஊன்றி அழுத்த வேண்டும். அழுத்தினால் கால் நிற்கும். பிறகு வலது காலை எடுத்து வைக்க வேண்டும். மறுபடி கை. அதனால் நடக்கும்போதும் நிற்கும்போதும் எனக்கு ஒரு கைதான் உண்டு. குடத்தைத் தூக்க முடியாது. சோற்றுத் தட்டையும் தண்ணீரையும் ஒன்றாகக் கொண்டுபோக முடியாது.

கை ஊன்றுகிற இடத்தில் துணி நைந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு அக்குளில் கிழியும், எனக்குத் தொடையில் கிழியும். அதற்காக அம்மா எனக்கு எந்த உடுப்புத் தைத்தாலும் உள்பக்கம் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு துணி வைத்துத் தைப்பாள். நைனாவின் பழைய பனியன், மாவு மூட்டைத் துணி, எது கிடைக்கிறதோ அது. வெளியே தெரியாது. என் கைக்குத் தெரியும். மெத்தென்று இருக்கும்.

அம்மாவிடம் கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று இருந்தது. நைனாவுக்கு உப்பளத்தில் வேலை. வெயில் காலம் முழுக்க பாத்தியில் நின்று உப்பு வாருவார். காலில் வெடிப்பு ஆறவே ஆறாது. முன்பு குடிப்பார். குடித்துவிட்டு வந்து மிஷினைத் தூக்கித் தெருவில் போட்டிருக்கிறார். அப்புறம் உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு பாஸ்டர் வந்து ஜெபக்கூட்டம் நடத்தினார். நைனா போனார். குடி நின்றது. ஒரே வாரத்தில் நின்றது. அதற்குப் பிறகு பாஸ்டர் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அதுதான். குடியை விட்ட மனுஷனை எதிர்த்து எந்தப் பொம்பளை பேசுவாள்?

சபையில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருந்தது. எல்லாம் உப்பளத்து ஆட்கள். தகரம் கொதிக்கும். உள்ளே தேங்காய் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்த ஒரு வாசனை. பாட்டுப் பாடும்போது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். நான் மூங்கில் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, இடது கையைத் தொடையில் ஊன்றி, வலது கையால் கம்பத்தைத் தட்டுவேன். சத்தமே வராது.

அந்த வருஷம் பங்குனி வாக்கில் பாஸ்டர் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டினார். வேதத்தில் இருக்கிற வருஷங்களை எல்லாம் கூட்டி, கழித்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வட்டம் போட்டார். ஜூலையில் வந்தது. அன்றைக்குச் சூரியன் உதிக்கும்போது ஆண்டவர் வருவார், கிழக்கே வருவார், காத்திருக்கிறவர்களை எடுத்துக்கொள்வார் என்றார்.

ஆண்டவர் வருவார் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். தேதிதான் புதுசு.

"அந்த நாளில் நம்ம சரீரம் மாறும்" என்றார். "குருடன் பார்ப்பான். ஊமை பாடுவான். நம்ம பாப்பா ஓடும்."

என்னைக் கை நீட்டிக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்லேலூயா என்று கத்தினார்கள். ஒரு அக்கா அழுதாள். நான் அதுவரை பார்த்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்று தொங்கும். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் கூட்டம் அதுதான். பத்து வயசில் அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் நம்பினேன். நைனாவைவிட அதிகமாக நம்பினேன்.

அதே மாதத்தில்தான் மாமா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப் போனார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வேன் ஓட்டுவார். வேனில் முன் கண்ணாடியில் முருகன் படம். நைனா சபையில் சேர்ந்த பிறகு மாமாவும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்தால் உரசல்தான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என் முட்டியை உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார்.

"உனக்கு இன்னாம்மா வேணும்? ஓடணுமா?"

"நின்னுகினு ரெண்டு கையும் தட்டணும்."

சிரித்தார். "தட்டலாம். ஓட முடியாது. ஆனா தட்டலாம்."

அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னார். இந்த வயதில் இறுகிப்போன நரம்பை இளக்கிவிட்டால் போதும், முட்டி நிமிரும், ஒரு மாதம் மாவுக்கட்டு, அப்புறம் இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ். கையை ஊன்றாமல் நடக்கலாம். வளர்ந்துவிட்டால் எலும்பு அப்படியே இறுகிவிடும், அப்புறம் கஷ்டம். ஒரு மஞ்சள் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு ஆள் அதிகம், அதனால் தேதி தள்ளித்தான் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை. வட்டம் போட்ட ஞாயிற்றுக்கு ஆறு நாள் முன்னால்.

அம்மா அந்தச் சீட்டை மிஷின் டிராயரில் நூல் கண்டுகளுக்கு அடியில் வைத்தாள்.

தேதி நெருங்கினபோது மாமா வந்தார். நைனா வாசலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், திங்கக்கெயம வண்டி எடுத்தாரட்டா? புள்ளய ஆஸ்பத்திரில சேக்கணுமே."

"வாணாம்."

"இன்னாத்துக்கு வாணாம்?"

"ஞாயித்துக்கெயம அவரு வராரு. அன்னிக்கு இது மாவுக்கட்டு போட்டுகினு செங்கல்பட்டுல படுத்துகினு கீதுன்னு வையி. நாங்க இங்க, புள்ள அங்க."

மாமா வேன் சாவியை இடுப்பில் செருகினார்.

"வானத்துலேர்ந்து வர்றவருக்கு செங்கல்பட்டுக்கு வயி தெரியாதா மச்சான்?"

நைனா எண்ணெயை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"கடலாண்ட மட்டும்தான் நிறுத்துவாரா? இன்னா, பஸ் ரூட்டா அது?"

"பரிகாசம் பண்ணாத. அவரே காலை நிமித்தப் போறாரு. அதுக்குள்ள கத்தி வெச்சா அவர நம்பலன்னு அர்த்தம்."

"நான் பரிகாசம் பண்ணல. நீ குடிச்சுகினு இருந்தப்போகூட புள்ளைக்கு ஜொரம்னா தூக்கினு ஓடின. இப்போ தெளிவா கீற. போவமாட்டேன்ற."

நைனா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நைனா பக்கம். மாமா போகும்போது எனக்கு ஒரு பட்டர் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். வாங்கவில்லை. முருகன் படம் வைத்தவர் கொடுப்பதை வாங்கக் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரங்களில் எல்லாரும் சாமான்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒருவர் கொடுத்ததைப் பார்த்து இன்னொருவர் கொடுத்தார். நைனா உப்பு வாருகிற பலகையைப் பக்கத்துப் பாத்திக்காரருக்குக் கொடுத்துவிட்டார். தேக்குப் பலகை. கைப்பிடி அவர் கைக்கு வழவழவென்று ஆகியிருந்தது. நான் என் அஞ்சாங்கல்லைக் கொடுத்தேன். மகாபலிபுரத்தில் சிலை அடிக்கிற பட்டறையிலிருந்து மாமா பொறுக்கிவந்த கருங்கல் சில்லுகள். தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கியிருந்தேன். உட்கார்ந்து விளையாடுகிற விளையாட்டு. அதில் என்னை ஜெயிக்கத் தெருவில் ஆள் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

"நெஜமாவா குடுக்கற? அப்புறம் கேக்கமாட்டியே?" என்றாள்.

"அங்க ஓடிப் புடிச்சி வெளையாடுவோம். கல்லு எதுக்கு?" என்றேன்.

எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு என்று பாஸ்டர் சொன்னார். ஒரு கட்டு வெள்ளைத் துணி வந்தது. வீட்டுக்கு இத்தனை என்று அவரே அளந்து வெட்டிக் கொடுத்தார். மிச்சம் விழாத அளவு. ஆண்களுக்குச் சட்டை, பொம்பளைகளுக்குப் புடவை, பிள்ளைகளுக்குக் கவுன். தைத்தது அம்மா. பத்து நாள் மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. என் கவுனைக் கடைசியாகத் தைத்தாள்.

அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கையை ஊன்றினேன். மெத்தென்று இருந்தது.

கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளைத் துணியில் ஒட்டு. நான்கு பக்கமும் இரட்டைத் தையல்.

எனக்குக் கோபம் வந்தது. கால் நேராகப் போகிற நாளுக்குத் தைத்த உடுப்பு இது. இதில் கை ஊன்றுகிற ஒட்டு எதற்கு? அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. அவள் நம்பவே இல்லை. அவளிடம் கேட்கவில்லை. மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நைனா விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய்விட்டார். பலகை இல்லாவிட்டாலும் மூட்டை தூக்கப் போனார். அம்மா எனக்குத் தலை வாரினாள்.

"எங்க போறோம்?"

"திருப்போரூருக்கு. நூல் வாங்கணும்."

பஸ் ஸ்டாப்பில் ஒயர் கூடையைக் கீழே வைத்தாள். உள்ளே என் தட்டு, டம்ளர், துண்டு, மாற்று உடுப்பு. தட்டுக்கு மேல் அந்த மஞ்சள் சீட்டு.

"நூல் வாங்கத் தட்டு எதுக்கு?"

செங்கல்பட்டு பஸ் வந்தது. நான் ஸ்டாப்பின் இரும்புக் குழாயை வலது கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரமாட்டேன். எனக்கு ஞாயித்துக்கெயம சரியாப் பூடும். உனக்குத்தான் நம்பிக்க இல்ல. எல்லாரும் மேல போவோம். நீ மட்டும் இங்கியே கெடப்ப."

கண்டக்டர் கீழே இறங்கினார். "ஏம்மா, ஏறுறியா இல்லியா? கொஞ்சறதெல்லாம் வூட்ல வெச்சிக்க."

அம்மா என் முன்னால் குந்தினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"சரி கண்ணு. நான் இங்கியே கெடக்கறேன். நீ நல்லபடியா மேல போ. இன்னிக்கு மட்டும் பஸ்ஸு ஏறு."

நான் குழாயை விடவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போனது. டீசல் புகை எங்கள் இரண்டு பேர் மேலும் அடித்தது.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் விடவில்லை.

புதன்கிழமை மாலைக் கூட்டத்தில் சாட்சி சொல்வது வழக்கம். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். வியாதி தீர்ந்தது, குடி விட்டது, அப்படி. பிள்ளைகள் சொல்வதில்லை. அன்றைக்கு நான் கவுனைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"சாட்சி சொல்ல யாருக்காவது ஏவுதல் உண்டா?" என்று பாஸ்டர் கேட்டதும் எழுந்தேன். கம்பத்தில் சாய்ந்து சொன்னேன். அம்மா என்னை ஏமாற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் பார்த்ததைச் சொன்னேன். பஸ் ஏறாததைச் சொன்னேன். கவுனைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன்.

"மேல போற உடுப்புல ஒட்டு வெச்சிகீறாங்க. எனக்குக் கால் நேராவாதுன்னு நெனக்கறாங்க."

தகரம் மட்டும் வெயில் இறங்கி டக் டக்கென்று சுருங்கும் சத்தம். நைனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்டர் கவுனை வாங்கி, ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன சிஸ்டர்?"

"கை பயக்கம் ஐயா" என்றாள் அம்மா. "தெரியாம தச்சுட்டேன்."

"பத்து வயசுப் பிள்ளைக்கு இருக்கிற விசுவாசம் பெத்தவளுக்கு இல்லை. முழங்கால்படியிடுங்க."

அம்மா முழங்கால் போட்டாள். எல்லாரும் எனக்காகக் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. கையை ஊன்றியிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நைனா அரை பிளேடால் ஒட்டைப் பிரித்தார். தையல் நெருக்கமாக இருந்தது. இரண்டு இடத்தில் பிளேடு கவுனிலும் பட்டது. பிரித்த துணியை வாசலில் போட்டார். அம்மா விளக்குமாற்றால் கூட்டி எடுத்தாள். என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நெம்மேலிக் கடற்கரை. இப்போது அந்தப் பக்கம் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற பெரிய பிளான்ட் இருக்கிறது. அப்போது சவுக்குத் தோப்பும் மணலும்தான்.

வேன் வேண்டும் என்று மாமாவிடம்தான் கேட்டார்கள். வேறு யாரும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

"ரிட்டன் எத்தினி மணிக்கு பாஸ்டர்?" என்று மாமா கேட்டார்.

"போறதுக்கு மட்டும்தான்."

மாமா தலையாட்டினார். சிரிக்கவில்லை. எங்களை இறக்கிவிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். ஆனால் போகவில்லை. ரோட்டோரம் டீக்கடைக்கு எதிரில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை உடுப்பில் எல்லாரும் வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்றோம். கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. மீன்கூடையோடு போன ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றாள்.

"இன்னாமே, கல்யாணமா? மாப்ள எங்க?"

எங்கள் பாட்டுகளில் ஆண்டவரை மணவாளன் என்றுதான் பாடுவோம். அவளுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் எங்களோடு சேர்ந்து அவளும் கடலைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

வெளுத்தது. கடல் விளிம்பில் சிவப்பு ஏறியது. பாஸ்டர் கத்தினார். "கைகளை உயர்த்துங்க!"

எல்லாரும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். வலது கையை மட்டும் அல்ல. இரண்டையும்.

நின்றேன். ஒரு மூச்சு நேரம் நின்றேன். கை தொடையில் இல்லை. காற்று கவுனுக்குள் புகுந்தது. மேலே பார்த்தேன். அந்த ஒரு மூச்சை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பிறகு முட்டி மடங்கியது. முகம் மணலில். எழுந்திரிக்கப் பழக்கத்தில் கையை ஊன்றினேன். ஒட்டு இருந்த இடம் பிளேடு பட்டு இளகிப் போயிருந்தது. சர்ரென்று கிழிந்தது.

தூக்கினது அம்மா. அவள் ஏற்கெனவே எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். கையை உயர்த்தாமல் நின்றிருக்கிறாள். என் வாயில் இருந்த மணலைத் தன் முந்தானையால் துடைத்தாள். நைனா பார்க்கவில்லை. அவர் கண் வானத்தில் இருந்தது.

சூரியன் வந்தது. சூடு ஏறியது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டன. பத்து மணி வாக்கில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம். மதியம் பாஸ்டர் எழுந்து சொன்னார்: "நம்ம நடுவில் ஒரு அவிசுவாசம் இருந்தது. அதனால் தாமதம்." யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாட்சி சொன்னவள் நான்தானே.

மாமா மணலில் நடந்து வந்தார். எல்லாரையும் பார்த்தார். அவருக்கு வாயில் எவ்வளவோ வந்திருக்கும்.

"ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

திருவிடந்தை தாண்டும்போது நைனா முதல் வார்த்தை பேசினார்.

"அந்தப் பலகையத் திருப்பிக் கேக்கணும்."

பலகை கிடைத்தது. என் கல் கிடைக்கவில்லை. "நீதான மேல போறேன்னு குடுத்த" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

இரண்டு மாதம் கழித்து அம்மா கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா பாப்பா? வேற தேதி குடுப்பாங்க." நான் மாட்டேன் என்றேன். நம்பிக்கையினால் அல்ல. வெட்கம். விழுந்ததற்கு வெட்கம் இல்லை. சாட்சி சொன்னதற்கு வெட்கம். போனால் அம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும். பிள்ளைகளுக்கு வெட்கம் பிடிவாதமாகத்தான் வருகிறது. எனக்கு ஐந்து வருஷம் இருந்தது.

அதற்குள் பாஸ்டர் இன்னும் இரண்டு தேதி சொன்னார். நைனா இரண்டுக்கும் காத்திருந்தார். பிறகு ஒரு நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பாஸ்டர் ஊரப்பாக்கம் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அம்மாவிடம் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்தின சபைப் பொம்பளைகள் நிறுத்தினவர்கள்தான்.

பதினைந்து வயதில் நானே போகலாம் என்றேன். அதே ஆஸ்பத்திரி. வேறு டாக்டர். படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு அப்படியே இறுகிவிட்டது, இனிமேல் எலும்பையே வெட்ட வேண்டும், இரண்டு மூன்று தடவை, அப்படியும் உறுதி சொல்ல முடியாது என்றார். பழைய மஞ்சள் சீட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

"அப்பவே தேதி குடுத்திருக்காங்களேம்மா. ஏன் வரல?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள்.

"நான்தான் சார். தேதிய மறந்துட்டேன்."

"பெத்த பிள்ளையோட கால மறந்துட்டியா நீ?"

"ஆமா சார்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து நின்றாள். எனக்காக அவள் தலை குனிந்தது அது இரண்டாவது தடவை. அப்போதும் நான் பேசவில்லை.

பிறகு ஊனமுற்றவர்களுக்கு டெலிபோன் பூத் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், மீட்டர். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இதோ வரேன்." "வெள்ளிக்கெயம வந்துடறேன்." "பொங்கலுக்குக் கட்டாயம் வரேன்மா." பாதிப் பேர் போயிருப்பார்கள். பாதிப் பேர் போயிருக்கமாட்டார்கள். குரலை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்தார்கள். பூத் போய் ரீசார்ஜ், ஜெராக்ஸ் என்று ஆனது.

பூத் இருந்தபோதே அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், நாலு நாள். அவளுக்கு வெள்ளை உடுத்த வேண்டும் என்று பொம்பளைகள் கேட்டார்கள். பெட்டியின் அடியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் புடவை இருந்தது. ஒரே ஒரு தடவை கட்டின புடவை. நான்தான் பிரித்தேன்.

உள்முனையில், இடுப்பில் செருகுகிற இடத்தில், ஒரு சதுரம் இல்லை. கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தது. உள்ளங்கை அகலம்.

பாஸ்டர் அளந்து கொடுத்த துணியில் மிச்சம் இல்லை என்று சொன்னேன் அல்லவா. எனக்கு ஒட்டு வைக்க அவளுக்கு வேறு துணி இல்லை. மேலே போகிற உடுப்புக்கு மாவு மூட்டைத் துணி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆண்டவர் முன்னால் நிற்கப் போகிற தன் புடவையில் வெட்டினாள். நம்பாதவள் அப்படிச் செய்வாளா? அவள் நம்பினாள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் என் கைக்கு ஒன்று வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் விஷயம். அதைத்தான் எல்லார் முன்னாலும் திருப்பிக் காட்டினேன்.

அந்தப் புடவையையே கட்டி அனுப்பினேன். ஓட்டை தெரியாமல் உள்ளே செருகினேன்.

நைனா இன்னும் சில வருஷம் இருந்தார். கடைசிவரை நம்பினார். படுத்த படுக்கையில், "அங்க உன் கால நேராப் பாக்கறேன் பாரு" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் அம்மாவிடம் கேட்கவில்லை. எனக்குத் தோன்றியும் கேட்கவில்லை. இரண்டில் எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆண்டவர் வருவார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாரா வாரம் சர்ச்சுக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். என்றைக்கு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே வந்துவிடுவேன். எழுந்து வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

போன மாதம் எனக்கும் ஒரு வெள்ளை உடுப்புத் தைக்கக் கொடுத்தேன். நமக்கும் வயசு ஆகிறது. அடக்கம் பண்ணும்போது அடுத்தவர்கள் தேடக் கூடாது. தைக்கிற பெண் அளவெடுத்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ள ஒட்டு வெக்கச் சொல்றீங்களே ஆன்ட்டி, இத்தப் போட்டுகினு நடக்கவா போறீங்க?"

"வெச்சுத் தை" என்றேன். "நெருக்கித் தை. பிளேடு போட்டாலும் பிரியக் கூடாது."